மே மாதம் ஏற்காட்டில் வேன் நிறுத்தி டென்ட் போடும் இடத்துக்குக்கூட இந்த வாடகையா?

ஐஸ்_கணக்கன், காசிமேடு

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார் போனது, யார் காசு கொடுத்தார்கள், யார் கடன் சொன்னார்கள், இதுதான் தினமும். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. தடையில்லாத சின்ன ஃபைபர் படகுகளுக்கு எவ்வளவு ஐஸ் வேண்டியிருக்கும்? பாதி வேலை நின்றுவிடும். முதலாளி எனக்கு நான்கு நாள் சேர்த்து லீவு தருவது அந்த 61 நாளுக்குள்தான். "ஆடியில் போங்க, பாதி ரேட்" என்று சொல்ல வருகிறவர்களுக்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆடியில் எனக்கு டீ குடிக்கவே நேரம் கிடைக்காது.

வருடத்துக்கு ஒரு பயணம், அது ஏற்காடு. எங்கள் வீட்டில் அம்மாவோடு ஐந்து பேர், மச்சான் வீட்டில் நான்கு பேர். மின்ட் பக்கம் ஒரு வேன் பேசி அடுப்பு, சிலிண்டர், அரிசி, பாய், அம்மா அரைத்து வைத்த மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். ஹோட்டல் அறையெல்லாம் எங்களுக்குக் கட்டாது. ஒரு காபித் தோட்டத்துக்காரர் மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் இடத்தைச் சமன் செய்து வைத்திருக்கிறார். வேனை நிறுத்திக்கொள்ளலாம், டென்ட் போட்டுக்கொள்ளலாம், சமைக்கலாம். இரண்டு குளியலறை உண்டு. அவ்வளவுதான் வசதி. பெண்களும் பிள்ளைகளும் டென்ட்டில் படுப்பார்கள், நானும் மச்சானும் வேனில்.

பழைய ஐஸ் பேரேடு ஒன்றின் கடைசிப் பக்கங்களில் இந்தப் பயணக் கணக்கை எழுதி வைப்பேன். ஃபேக்டரி ஈரத்தில் ஓரமெல்லாம் உப்பிப்போன நோட்டு, சில எண்கள் மை ஊறித் தெரிகின்றன, ஆனால் படிக்கலாம். 2019 மே: இரவுக்கு 800. கொரோனா இரண்டு வருடம் வெறும் கோடு. 2022: 1,200. 2023: 2,000. 2024: 3,500. போன வருடம் 5,500. அதே மண் தரை, அதே இரண்டு குளியலறை, ஒன்றில் தாழ்ப்பாள் இன்னும் சரியாக விழாது.

போன வருடக் கணக்கை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். மூன்று இரவுக்கு 16,500. சமைப்பதற்கு நாள் ஒன்றுக்கு 500 தனி, 1,500. வெந்நீர் பக்கெட் 40 ரூபாய், ஒன்பது பேர், மூன்று நாள், 1,080. கடைசியில் வாடகை மேல் 12 சதவீத வரி என்று 1,980. மொத்தம் 21,060. வேன் வாடகையும் டீசலும் இதில் சேராது. எங்கள் சிலிண்டரில் எங்கள் அரிசியை வேகவைக்க 500 ரூபாய் கட்டணம் என்றதும் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

இந்த மே இரண்டாவது வாரத்துக்குப் போனில் கேட்டேன். இரவுக்கு 6,500 என்கிறார். "அண்ணே, பழைய கஸ்டமர்னு உங்களுக்காகச் சொல்ற ரேட்டு இது." எங்கள் மெஷின் ஆபரேட்டர் மகன் பிப்ரவரியில் நண்பர்களோடு அதே இடத்தில் 1,800க்குத் தங்கிவிட்டு வந்திருக்கிறான்.

மூன்று மாதத்தில் அந்த மண் என்ன தங்கமாகவா மாறிவிட்டது? சீசன் என்றால் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் வஞ்சிரமும் தடைக்காலத்தில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் மூன்றரை மடங்கா?

இன்னொரு சிக்கல். பெண் எட்டாவது, அரசு உதவி பெறும் பள்ளி, ஏப்ரலிலேயே பரீட்சை முடிந்துவிடும். பையன் நான்காவது, சிபிஎஸ்இ. அவர்களுக்கு ஏப்ரலில் புது வகுப்பே தொடங்கி, மாதம் முடிகிறபோதுதான் லீவு. ஆக இரண்டு பேருக்கும் பொதுவான நாள் என்றால் மேதான். அம்மாவுக்கு மூட்டு வலி, ரொம்ப நடக்க முடியாது. வழி இருந்தால் சொல்லுங்கள்.

பெரம்பூர்_தண்டவாளம்

முதலில் வரி விஷயம். அந்த 1,980க்கு பில் கொடுத்தாரா? அதில் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருந்ததா? சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ளவர் ஜிஎஸ்டியில் பதிவே செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது. பதிவு செய்தவர் என்றாலும், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள தங்குமிடத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் கிடையாது, 5தான். டென்ட் அடிக்கும் கேம்ப்சைட்டும் ஹோட்டல் இருக்கிற அதே பிரிவில்தான் வரும். இந்த வருடமும் 12 என்று எழுதி நீட்டினால் விடாதீர்கள்.

அடுத்தது, வேனை விடுங்கள். நான்கு நாள் வேன் நின்றாலும் வாடகை, ஓடினாலும் வாடகை. சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் சேலம், அங்கிருந்து அரசுப் பேருந்து ஏற்காடு போகிறது. 20 கொண்டை ஊசி வளைவு, அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: முன்பதிவு இப்போது 120 நாள் முன்னால் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். சிலிண்டரை ரயிலில் ஏற்றக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன முறை எங்கள் ரயிலில் ஒரு குடும்பம் அரிசி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டது.

சேர்வராயன்_காபி

நான் கேள்வி கேட்டவர் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் ஏற்காட்டில் இதே தொழில் செய்கிறேன். திட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் சார்.

எனக்கு வருடத்தில் சம்பாத்தியம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை, அப்புறம் காலாண்டு, அரையாண்டு லீவில் பத்துப் பத்து நாள். மற்ற நாளில் சனி ஞாயிறு மட்டும் இரண்டு பைக், ஒரு கார் வரும். காவல்காரருக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் போகிறது. மே மாதம் மலையில் கிணறு வற்றிவிடும், தண்ணீர் லாரி வாங்குகிறேன். நீங்கள் 40 ரூபாய் கொடுத்த வெந்நீரில் வெந்நீரை விடத் தண்ணீருக்குத்தான் விலை அதிகம். ஆப் மூலம் வந்தால் எனக்கு நூற்றுக்கு இருபது கமிஷன் போய்விடும், அதையும் சேர்த்துத்தான் ரேட் போடுவேன். நேரடியாகப் போனில் கேட்பவருக்கும் அதே ரேட்டைச் சொல்கிறோம் என்பது உண்மைதான், அது தப்புத்தான்.

இன்னொன்றைச் சென்னையில் யாரும் யோசிப்பதில்லை. 2024 மே 7இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏற்காட்டுக்குப் பாஸ் கிடையாது. பாஸ் எடுக்கச் சலித்தவர்கள், கிடைக்காதவர்கள் எல்லாம் இங்கே வண்டியைத் திருப்புகிறார்கள். என் தோட்டத்தில் 2023 மே மாதத்துக்கும் 2024 மே மாதத்துக்கும் கண்ணால் பார்க்கிற மாதிரி வித்தியாசம். உங்கள் நோட்டிலும் 2,000 என்பது 3,500 ஆனது அந்த வருடம்தானே? அதிலும் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிற வாரத்தில் வருகிறீர்கள் என்றால் யாரிடமும் பேரம் பேச முடியாது.

வழி கேட்டீர்கள், சொல்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை வாருங்கள். சமையலுக்கு 500 நான் வாங்குவதில்லை. விறகடுப்பு இருக்கிறது, சிலிண்டர் தூக்கி வர வேண்டாம் என்று உங்கள் ஆளிடமும் கேட்டுப் பாருங்கள், தோட்டத்தில் விறகுக்கு என்ன பஞ்சம்.

ராயபுரம்_டு_லீட்ஸ்

பிறந்தது ராயபுரம், கிழக்கு கல்மண்டபம் ரோடு. இப்போது இங்கிலாந்தில். உங்கள் வேன், டென்ட், அடுப்பு எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைத்துக் கட்டினால் அதற்கு இங்கே பெயர் கேரவன். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கிற சைட்டில் ஒரு துண்டு புல்தரைக்கு இரவு வாடகை கொடுத்து நிறுத்துவார்கள். ஜூலை கடைசியில் பள்ளி மூடி செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கும், சுமார் ஆறு வாரம். பள்ளி மூடுகிற வாரத்தில் அதே புல்லுக்கு ரேட் ஏறும். நீங்கள் எழுதிய வரிகளை ஆங்கிலத்தில் போட்டால் என் பக்கத்து வீட்டுக்காரர் தன் கதை என்பார்.

ஆனால் ஒரு வித்தியாசம். லீவுக்கு முன்னாலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் இங்கே அபராதம். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு. 21 நாளில் கட்டாவிட்டால் 160. அதற்கு முன்னால் 60ஆக இருந்தது. ஒரு அப்பா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் தோற்றார். அப்படியும் சிலர் கணக்குப் போட்டு, அபராதம் கட்டினாலும் லாபம் என்று கிளம்புகிறார்கள்.

புத்திசாலிகள் செய்வது வேறு. ஸ்காட்லாந்தில் பள்ளி ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு அங்கே போவார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், சைட்டில் கொஞ்சம் மூச்சுவிடலாம். உங்களுக்கும் அப்படி ஒரு இடுக்கு இருக்கிறதே: பெண்ணுக்குப் பரீட்சை முடிந்து, சிபிஎஸ்இ இன்னும் மூடாத ஏப்ரல் வாரம். நான்காம் வகுப்புப் பையன் நான்கு நாள் போகாவிட்டால் என்ன ஆகிவிடும்? அங்கே 80 பவுண்டு யாரும் கேட்கப்போவதில்லை.

வியாசை_வண்டி

ஏற்காடுதான் வேண்டும் என்று சத்தியமா? ஜவ்வாது மலை போங்க அண்ணே. ஜமுனாமரத்தூர் பக்கம் இன்னும் இந்த அளவுக்கு விலை ஏறவில்லை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் ஒன்று, ஏற்காட்டுக் குளிரை அங்கே எதிர்பார்க்காதீர்கள், மே மாதம் பகலில் நன்றாகவே காயும். அருவியிலும் தண்ணீர் பெரிதாக இருக்காது. அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் பீமன் நீர்வீழ்ச்சிக்கு இறங்க வேண்டாம்.

ஐஸ்_கணக்கன், காசிமேடு

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கடைசிப் பதில் வரைக்கும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

சேர்வராயன் சார், நோட்டை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, சதவீதத்தில் பார்த்தால் பெரிய தாவல் 2024இல்தான். கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அந்தச் சமையல் கட்டணத்துக்காக வைத்திருக்கிறேன்.

பெரம்பூர் நண்பரே, பில் இருந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள், அதில் ஜிஎஸ்டி எண்ணாவது ஒன்றாவது. நானே ஒரு கணக்கன், 1,980ஐக் கேள்வி கேட்காமல் கொடுத்திருக்கிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்.

ஜவ்வாது மலையை மச்சான் வேண்டாம் என்கிறான். குளிர் இல்லாவிட்டால் திருவொற்றியூர் கடற்கரையே போதுமே என்கிறான். அவனோடு வாதாட முடியாது.

இன்று காலை தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். மே வேண்டாம், ஏப்ரல் கடைசியில் திங்கள் காலை வந்து வியாழன் கிளம்புகிறோம், வேன் இல்லை, சிலிண்டர் இல்லை, விறகடுப்பு வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் 3,000 என்றார். நான் வரி பற்றி மெதுவாக ஆரம்பித்ததும் 2,600க்கு வந்தார், வரியும் சமையல் கட்டணமும் இல்லை. வெந்நீர் 40 ரூபாயில் மட்டும் அசையவில்லை, தண்ணீர் லாரிக் கதையை அவரும் சொன்னார். மூன்று இரவுக்கு 7,800, வெந்நீரோடு 8,880. அம்மா போனைப் பிடுங்கி, "ஏம்பா, அந்தத் தாழ்ப்பாளை மட்டும் சரி பண்ணி வை, நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ கொண்டாறேன்" என்றார். போன முறை கொடுத்தது தீர்ந்துவிட்டதாம், இரண்டு கிலோ கேட்கிறார்.

பாக்கி இருப்பது பையனுடைய லீவு லெட்டர். காய்ச்சல் என்று எழுதலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார், எழுதினால் நிஜமாகவே வந்துவிடுமாம். உறவினர் கல்யாணம் என்றால் பையன் போன வருடமே இரண்டு கல்யாணம் சொல்லியிருக்கிறான். வேறு என்ன காரணம் எழுதலாம், யாராவது சொல்லுங்கள்.