காற்றுப் பூதத்தைத் துணைக்கு அழைத்தவர்களின் அனுபவங்கள்

பினாங்கு, ஆயர் ஈத்தாம் உறுப்பினர்:

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் காற்றுப் பூதத்தை அழைத்து ஆடியவர்களிடம் கேட்டால், அது எத்தனை புள்ளி அடித்தது என்றுதான் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எதிரியை அவன் நிற்கும் இடத்திலிருந்து பெயர்த்து எறிவதுதான் அதன் பெரிய பலம்.

எங்கள் குழு சனிக்கிழமை இரவுகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் கூடுகிறது. நான் ஆடுவது ஒரு ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரம் அறிந்த பாத்திரம். மலைக் கணவாய் ஒன்றில், கயிற்றுப் பாலத்தின் மறுமுனையில் ஹாப்கோப்ளின் என்னும் எதிரி இனத்து வில்லாளர்கள் பதுங்கியிருப்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 2014ஆம் ஆண்டு விதிநூலில் உள்ள, பூதத்தை அழைக்கும் ஐந்தாம் நிலை மந்திரத்தைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம், அதாவது சண்டைக் கணக்கில் பத்துச் சுற்று தேவைப்படுவதால், அடிதடி தொடங்கிய பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. பாறை மறைவிலேயே அழைத்துவிட்டோம். காற்றுப் பூதத்திற்குத் தூபம் போட வேண்டும் என்பது விதி. ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் மேசையில் உண்மையாகவே ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டார், கீழ்வீட்டு அக்கா என்ன பூசை என்று கேட்டு மேலே வந்துவிட்டார்.

பூதம் ஒரு சுற்றில் 90 அடி பறக்கும். பாலத்தைத் தாண்டி எதிரிகள் நின்ற கட்டத்துக்குள்ளேயே நுழைந்து சூறாவளியாகச் சுழன்றது. பகடை உருட்டிச் செய்யும் வலிமைச் சோதனையில் 13ஐ எட்டாதவர்கள் 20 அடி வரை தூக்கி எறியப்பட்டுத் தரையில் விழுவார்கள். ஆனால் எந்தத் திசையில் என்பது அழைத்தவரின் கையில் இல்லை. எங்கள் மேசையில் எட்டு முகப் பகடையை உருட்டி, ஒன்று விழுந்தால் வடக்கு என்று வைத்துக்கொள்கிறோம். முதலாமவன் பள்ளத்தாக்கில் விழுந்தான், அடுத்தவன் பாறைச் சுவரில் மோதினான். மூன்றாமவனோ நேராக எங்கள் குழுவின் புனிதப் போர்வீரரான பாலடினின் காலடியில் வந்து விழுந்தான், அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் ஓர் அம்பு என் ட்ரூயிட்டைத் தைத்தது. மந்திரத்தின் மீது வைத்த மன ஒருமையைக் காப்பாற்ற உடலுறுதிச் சோதனையில் 10 எடுத்தால் போதும். இருபது முகப் பகடையில் 3 விழுந்தது. இந்த மந்திரத்தில் மன ஒருமை கலைந்தால் பூதம் மறைந்து போவதில்லை. கட்டுப்பாட்டை விட்டு விலகி, அழைத்தவருக்கும் கூட்டாளிகளுக்கும் பகையாகிவிடும். அழைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முடியும் வரை அதைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஓடித் தப்பலாம் என்றால் அதன் வேகத்துக்கு யாரால் ஈடுகொடுக்க முடியும்? குகைக்குள் ஒளியலாம் என்றால், ஓர் அங்குல இடுக்கு இருந்தாலே அது உள்ளே வந்துவிடும். மந்திரமில்லாத வாளும் அம்பும் அதற்குப் பாதிச் சேதமே செய்யும் என்பதால், அதன் 90 உயிர்ப்புள்ளிகளைக் கரைப்பதற்குள் அன்றைய ஆட்ட நேரமே முடிந்துவிட்டது. வில்லாளர்களில் எஞ்சியவர்கள் இதற்குள் ஓடிப்போயிருந்தார்கள்.

அந்த ஓர் அங்குல இடுக்கே வேறொரு நாளில் எங்களுக்குக் கை கொடுத்தது. கோட்டைச் சிறையில் அடைபட்ட எங்கள் திருடனுக்குக் கதவின் கீழ்ச்சந்து வழியாகச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி பூதத்தை ஏவினோம். காற்றாலான உடல் சாவியைச் சுமக்குமா என்று மேசையில் நீண்ட வழக்கு நடந்தது. கையால் அறையத் தெரிந்த பூதத்துக்குச் சாவியைத் தூக்கவும் தெரியும் என்று டிஎம் தீர்ப்பளித்தார், சரியான தீர்ப்புதான். கட்டளை இல்லாதபோது அது தன்னைத் தற்காத்துக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் செய்யாது என்பதால், நம் குரல் எட்டாத இடத்துக்கு அனுப்பும்போது முழு வேலையையும் முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டும். அது பேசுவது ஆரன் மொழி, பிரைமோர்டியல் என்னும் பூதங்களின் மொழியின் ஒரு கிளை. திரும்பி வந்து சிறைக்குள் கண்டதைச் சொன்னபோது, எங்களில் பிரைமோர்டியல் அறிந்த, பூத இரத்தம் கலந்த ஜெனாசி இனத்தவர் ஒருவர் இருந்ததால்தான் காவலர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்தது.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்:

அண்ணன் எழுதியதைப் படித்தபோது, இணையத்தில் ஆடும் ஃபைனல் ஃபேண்டசி 14இல் எனக்கு ஏற்பட்ட அனுபவம் அப்படியே தலைகீழானது என்று தோன்றியது. அங்கே காற்றின் தெய்வம் கருடா. பறவை போன்ற இக்சால் இனத்தார் வணங்கும் பெண் தெய்வம். பெருமாள் கோயிலில் கருடாழ்வாரைக் கைகூப்பிய நிலையில் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெயரில் ஒருத்தி கூச்சலிட்டுக்கொண்டு கொல்ல வந்தது பழகவே சில காலம் ஆயிற்று. முதலில் அவளை எதிரியாகச் சந்திக்கிறோம். மைதானத்தில் இருக்கும் பாறைத் தூண்களை அவளுடைய இறகுகள் அரித்துவிடாமல் பார்த்துக்கொண்டால்தான், பெருங்காற்று வீசும்போது ஒதுங்க இடம் இருக்கும். சம்மனராக, அதாவது துணைகளை அழைக்கும் மந்திரவாதியாக ஆடுபவருக்குப் பிறகு அதே கருடாவின் ஆற்றல் துணையாகிறது. அந்தத் துணை ஒருபோதும் நம் மீது திரும்புவதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அழைக்கும்போது எனக்குக் கை நடுங்கியதே இல்லை, அண்ணன் மேசையில் இருந்தவர்களுக்கு நடுங்கியிருக்கும்.

பட்டர்வொர்த் உறுப்பினர்:

நடுக்கம் வேண்டாம் என்பவள் நான். அண்ணன் ஆடும் அதே விளையாட்டுக்கு 2020இல் வெளிவந்த டாஷா என்னும் கூடுதல் விதிநூலில் உள்ள நான்காம் நிலை மந்திரத்தையே என் மந்திரவாதி பயன்படுத்துகிறாள். ஒரே செயலில் அழைக்கலாம், மன ஒருமை கலைந்தால் பூதம் மறைந்துவிடும். சூறாவளியில் தூக்கி எறிவது இதில் கிடையாது என்பது குறைதான். 2024 விதிநூலிலோ அண்ணன் சொல்லும் ஐந்தாம் நிலை மந்திரமே மாறிவிட்டது. காற்றைத் தேர்ந்தெடுத்தால் உருவமற்ற ஓர் ஆவி வந்து, அருகில் வருபவரை மின்னலால் தாக்கிப் பிடித்து வைக்கிறது. சாவி தூக்க ஏவுவதற்கு அங்கே தனியாக ஓர் உயிரே இல்லை. பழைய விதியில்தான் ஆடுவோம் என்று அண்ணனின் குழு பிடிவாதமாக இருந்தால், ட்ரூயிட்டுக்கு வார் காஸ்டர் திறனை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மன ஒருமைச் சோதனைக்கு இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். பாலடினையும் அவர் பக்கத்திலேயே நிறுத்துங்கள், அந்த வகுப்பின் காப்பு ஒளி பத்து அடிக்குள் நிற்பவர்களின் சோதனைகளுக்கெல்லாம் கூடுதல் புள்ளி தரும்.