இன்டெல் 4004 குடும்பம்: கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு 4004, அதாவது இன்டெல்லின் பழைய நான்கு பிட் மைக்ரோபிராசசர் சிப், வாங்கினேன். சேகரிப்பவர்கள் தேடும் வெள்ளை செராமிக் உறை இல்லை, சாதாரண பிளாஸ்டிக் உறை. பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சுற்று கட்டும் துளைப் பலகை) சொருகிய பிறகுதான் உறைத்தது, அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 1971-இல் அது நான்கு பேர் குடும்பமாகத்தான் வந்தது. நிரலுக்கு 4001, எண்களை வைத்துக்கொள்ள 4002, கீபோர்டு, பிரின்டர் பக்கம் கம்பிகளைப் பெருக்கிக் கொடுக்க 4003, நடுவில் 4004. பழைய 4001 கிடைத்தாலும் தொழிற்சாலையிலேயே பதித்த யாரோ ஒருவரின் நிரல்தான் அதில் இருக்கும். அதனால் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை (நாமே நிரல் எழுதிப் போடக்கூடிய சின்னக் கணினிச் சிப்) 4001 போல நடிக்க வைத்தேன்.

முதல் வாரம் முழுக்க மின்னழுத்தத்தோடு போனது. +5-க்கும் -10-க்கும் நடுவே, மொத்தம் 15 வோல்ட். அவசரப்பட்டு நேராக இணைத்ததில் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று கருகியது. 4004 பிழைத்துக்கொண்டது.

அப்புறம் கம்பிகளில் ஓடும் 0, 1 சிக்னல்களைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிய அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சிப்பின் கால்கள், அதாவது பின்கள், பதினாறுதான் என்பதால் முகவரி, கட்டளை, தரவு எல்லாமே அதே நான்கு கம்பியில் மாறி மாறி ஓடுகின்றன. மூன்று கடிகாரத் துடிப்பில் 12 பிட் முகவரி போகிறது, இரண்டில் கட்டளை வருகிறது, மீதி மூன்றில் வேலை நடக்கிறது. 740 கிலோஹெர்ட்ஸில் இந்த எட்டுத் துடிப்பு சேர்ந்த ஒரு சுற்றுக்கு 10.8 மைக்ரோநொடி. 2300 டிரான்சிஸ்டர் இப்படி ஒழுங்காக முறை வைத்துப் பேசுவதைத் திரையில் பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை.

கட்டளைகளில் எனக்குப் பிடித்தது கேபிபி (KBP). நான்கு பிட்டில் எந்த ஒரு பிட் 1 என்று பார்த்து, அதை 1 முதல் 4 வரை எண்ணாக்கித் தரும். எதுவும் அமுங்காவிட்டால் 0. இரண்டு விசை சேர்ந்து அமுங்கினால் 15, அதாவது தவறு. கால்குலேட்டர் கீபோர்டுக்கென்றே ஒரு கட்டளை! ஆனால் பிட்டுகளை ஒப்பிட்டுச் சேர்க்கும் அடிப்படைத் தர்க்கக் கட்டளைகளான ஆண்ட் (AND), ஆர் (OR) இரண்டும் கிடையாது. ஜப்பானின் பிஸிகாம் கால்குலேட்டருக்காகப் பிறந்த சிப் என்பது இதிலேயே தெரிகிறது. இதை உருவாக்கியவர்கள் என்று இன்டெல்லின் ஹாஃப், மேசர், ஃபாஜின் பெயர்களை அடுக்குகிறவர்கள் பிஸிகாமிலிருந்து வந்து உழைத்த மசதோஷி ஷிமாவை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

மறுமொழி

என் அனுபவம் 4004 இல்லை, அதே நான்கு பிட் இனத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 1000. அந்தச் சிப் உள்ளே இருக்கும், 1978-இல் வந்த சைமன் பொம்மை (விளக்கு எரியும் வரிசையை நினைவில் வைத்துப் பொத்தானை அழுத்தும் விளையாட்டு) ஒன்றைப் பழுது பார்த்தேன். மஞ்சள் பொத்தான் வேலை செய்யவில்லை. சிப் போய்விட்டது என்று பயந்தேன், கடைசியில் பொத்தானின் அடியில் அழுக்கு, அவ்வளவுதான். நிரலுக்கு 1024 பைட், நினைவுக்கு 64 நான்கு-பிட் இடம், எல்லாம் ஒரே சிப்புக்குள். அதன் நிரலைப் படிக்கப் போனபோது தலை சுற்றியது. முகவரி 0, 1, 2, 3 என்று ஏறாது. 0, 1, 3, 7, 15 என்று தாவும். கூட்டிக்கொண்டே போகும் சுற்றுக்குப் பதிலாக பிட்டுகளை ஒவ்வொரு இடமாகத் தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வைத்து இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த வரிசையை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்ட பிறகுதான் படிக்க முடிந்தது.

மறுமொழி

ஆண்ட், ஆர் இரண்டும் 1974-இல் 4004-க்கு அடுத்து வந்த இன்டெல் 4040-இல் வந்துவிட்டன. பின்களும் 24 ஆயின. நான் அதில்தான் பழகினேன், இன்டரப்ட் (ஓடும் நிரலை இடையில் நிறுத்தி வேறு வேலையைக் கவனிக்க வைக்கும் வசதி) இருந்ததால் வேலை சுலபம். ஆனாலும் 4004-ஐ உள்ளே பார்க்க ஆசை. சிப்பை உடைக்க மனம் வரவில்லை. நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகத் தேடினேன். ஃபாஜின் தன் பெயரின் இரண்டு எஃப் எழுத்துகளைச் சிலிக்கானிலேயே பொறித்து வைத்திருக்கிறார். அவை கண்ணில் பட்டதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.