அட்டையில் இருக்கும் பெயர்

2023 ஜூலை, ஆகஸ்டில் நடந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான முகாமில், இல்லம் தேடிக் கல்வி என்ற மாலைநேரக் கற்பித்தல் திட்டத்தின் தன்னார்வலராக விண்ணப்பங்களைப் பதிவு செய்தேன். வந்தவர்களில் பலர் களை வெட்டிய கையோடு வந்தவர்கள். ரேகை எளிதில் பதியாது. ஒரு பாட்டி கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஒற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மறுபடி வைத்தார். "மண் தின்ற விரல் கண்ணு, சட்டென்று பதியுமா?" என்றார்.

செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய். அதற்குப் பிறகுதான் தெருவில் மனத்தாங்கல். யார் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் பேசவில்லை. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதே பேச்சு.

பக்கத்து வீட்டு அத்தைக்கு வரவில்லை. கைப்பேசியை நீட்டி, "என்ன போட்டிருக்கிறது, படி" என்றார். குடும்பத்தில் கார் இருப்பதால் நிராகரிப்பு. கார், தனிக்குடித்தனம் போய்விட்ட மகனுடையது. அதுவும் கடனில் வாங்கியது. ரேஷன் அட்டையில் உள்ளவர்கள்தான் குடும்பம் என்பது விதி, அவன் பெயரோ இன்னும் அம்மாவின் அட்டையில்.

"பணம் போனால் போகிறது. என்னை வசதிக்காரி என்று எழுதிவிட்டார்களே" என்றார். வேலைக்குப் போனால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம், முதலில் மகன் பெயரை நீக்கிவிடலாம் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. "பெற்ற பிள்ளையை அட்டையிலிருந்து நானே வெட்டவா?" என்று எழுந்து போய்விட்டார். கடைசி நாள்வரை மனுப் போடவில்லை. விதி எழுதியவர்கள் அந்தத் திண்ணையில் ஒரு முறை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

—

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மாவுக்குப் பணம் வந்தது. ஆனால் எடுக்கப் போனபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி ஒரு பகுதியைப் பிடித்திருந்தது. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்ததால் முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணில் புகார் செய்தேன். அம்மா அதுவரை எந்த அலுவலகத்திலும் குரல் உயர்த்தியவர் இல்லை. அன்று வங்கிக்குள்ளேயே, "இது என் பெயருக்கு வந்த பணம்" என்று உரக்கச் சொன்னார். அப்பாவின் கணக்கில் போட்டிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது. இப்போது பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யாரையும் தொட விடுவதில்லை.