லெட்டர்பேடு பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்களா?

கெடிலக்கரையான், காலை 6:40
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. "கடலூர் மாதிரி ஊரில் பி.எஸ்சி படிக்கிறவன் அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுவது வீண் வேலை. பரிந்துரைக் கடிதத்தின் லெட்டர்பேடைத்தான் பார்ப்பார்கள்" என்கிறார். சுத்தப் பொய். நான் கடலூரில் பி.எஸ்சி வேதியியல் படித்தவன். அந்தப் பயிற்சி கிடைத்து இரண்டு மாதம் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். எனக்குக் கடிதம் கொடுத்தவர் கௌரவ விரிவுரையாளர். அவருக்கு ஏது லெட்டர்பேடு? வெள்ளைத் தாளில் கையால் எழுதி, கல்லூரி முத்திரை வாங்கிக் கொடுத்தார்.

பாண்டி பிசிக்ஸ், காலை 7:15
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். இளங்கலையில் இரண்டு வருடம் தொடர்ந்து விண்ணப்பித்தேன். 86 சதவீதம் மதிப்பெண். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். எம்.எஸ்சிக்குக் காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகம் போனேன், முதல் வருடமே கிடைத்தது. அதே ஆள், அதே மூளை. மாறியது லெட்டர்பேடு மட்டும்தான்.

கெடிலக்கரையான், காலை 7:31
மாறியது லெட்டர்பேடு மட்டும்தானா? ஒரு வருடம் கூடுதலாகப் படித்தீர்களே, அது கணக்கில் வராதா? விண்ணப்பத்தோடு எந்தத் துறையில் என்ன செய்ய ஆசை என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மூன்று முறையும் அதையே எழுதினீர்களா, மாற்றினீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

பாண்டி பிசிக்ஸ், காலை 7:38
கொஞ்சம் மாற்றினேன். ஆனால் லெட்டர்பேடு முழுசாக மாறியது.

கணக்குப்புலி, காலை 8:05
எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்? மூன்று அகாடமிகள் சேர்ந்து நடத்துவது ஒன்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துவது வேறு. ஜக்கூர் ஜவஹர்லால் நேரு மையத்துடையது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலா?

கெடிலக்கரையான், காலை 8:20
எதுவாக இருந்தால் என்ன? கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம். என் கடிதத்தில் இருந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். இரண்டாம் வருடத்தில் தேவனாம்பட்டினத்திலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வரை 11 கிணறுகளில் தண்ணீர் எடுத்துக் கடினத்தன்மை பார்த்தோம். இ.டி.டி.ஏ. டைட்ரேஷன், அதாவது பியூரெட் குழாயிலிருந்து இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். கடற்கரைக் கிணறு ஒன்றில் மட்டும் அளவு எகிறியது. கூட வந்தவர்கள் "பியூரெட்டில் தப்பு" என்று விட்டுவிட்டார்கள். நான் மூன்று முறை திரும்பச் செய்தேன். அப்புறம் சைக்கிளில் போய் வேறு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து நான்காவது முறையும் செய்தேன். அதே அளவுதான் வந்தது. கடல்நீர் உள்ளே வந்திருக்கலாம் என்று குளோரைடும் பார்த்தோம், அதுவும் அதிகம். என் ஆசிரியர் கடிதத்தில் எழுதியது இதைத்தான். "இவன் நல்ல மாணவன், ஒழுக்கமானவன்" என்று ஒரு வரிகூட இல்லை. கூட இருந்து பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். பெரிய பதவியில் இருக்கிற, உங்கள் முகமே தெரியாத பேராசிரியரால் முடியாது.

பாண்டி பிசிக்ஸ், காலை 8:34
நல்ல கதை. ஆனால் ஒருவருக்குக் கிடைத்தது என்பதால் ஊருக்கே கிடைக்கும் என்று ஆகிவிடாது.

கெடிலக்கரையான், காலை 8:36
ஒருவருக்குக் கிடைக்கவில்லை என்பதால் ஊருக்கே கிடைக்காது என்று எழுதியது யார்?

தேவனாம்பட்டினம் தம்பி, காலை 9:02
அண்ணா, நான் பி.எஸ்சி இயற்பியல் இரண்டாம் வருடம். 78 சதவீதம். நான் போடலாமா? யாரிடம் கடிதம் கேட்பது?

ஓய்வு விரிவுரையாளர், காலை 9:30
30 வருடம் கல்லூரியில் இருந்தேன். கடைசி நாள் ராத்திரி வந்து "சார், லெட்டர்" என்று நிற்பார்கள். கையில் தாங்களே அடித்துக்கொண்டு வந்த கடிதம் இருக்கும், நான் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு பேர் கடிதத்திலும் அதே வரிகள். தேர்வு செய்கிறவர்களுக்கு இது தெரியாதா?

கெடிலக்கரையான், காலை 9:41
நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா சார்?

ஓய்வு விரிவுரையாளர், காலை 9:55
வேறு என்ன செய்வது? பிள்ளைகள் எதிர்காலம்.

கெடிலக்கரையான், காலை 10:03
அங்கேதான் பிள்ளைகள் கெட்டார்கள். நான்கு பேருக்கு ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நான்கு பேரும் தள்ளப்படுவார்கள். அப்புறம் "லெட்டர்பேடு சரியில்லை" என்று ஊரைக் குறை சொல்வார்கள். கோபத்தில் சொல்லவில்லை சார், வயிறு எரிகிறது.

ஓய்வு விரிவுரையாளர், காலை 10:20
ஒரு வகுப்பில் 60 பேர். ஒவ்வொருவரும் எந்தக் கிணற்றுக்குச் சைக்கிளில் போனான் என்று நான் எப்படிப் பார்ப்பது? உங்களுக்கு ஒருவர் கிடைத்தார், நல்லது. என்னைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

கணக்குப்புலி, காலை 10:48
ராமானுஜன் 1913ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது லெட்டர்பேடா இருந்தது? சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

பாண்டி பிசிக்ஸ், காலை 11:00
முழுசாகச் சொல்லுங்கள். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்று கேம்பிரிட்ஜிலேயே இரண்டு பேருக்கு எழுதினார். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. ராமானுஜனுக்கே மூன்றில் இரண்டு போனது. லெட்டர்பேடு இருந்திருந்தால் போயிருக்காது.

கெடிலக்கரையான், காலை 11:09
மூன்றாவது ஆள் உள்ளே இருந்த கணக்கைப் படித்தார். நான் சொல்வதும் அதுதான்.

முத்தியால்பேட்டை அக்கா, காலை 11:30
கடலூர்க்காரர் ஒன்றை மறைக்கிறார். இங்கே இரண்டாம் வருடப் பெண் பிள்ளையை இரண்டு மாதம் வெளியூர் அனுப்ப வீட்டில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? என் மகளுக்கு இடம் கிடைத்தும் அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. சண்டை போடும் யாரும் இதைப் பேசவில்லை.

கெடிலக்கரையான், காலை 11:44
அக்கா, மறைக்கவில்லை. அது பெரிய விஷயம், தனியாகப் பேசுவோம். ஆனால் பாண்டிக்காரர்கள் கஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது மனசு கேட்கவில்லை. ஜிப்மர், மத்தியப் பல்கலைக்கழகம், 1955லிருந்து பிரெஞ்சு நிறுவனம், 1975லிருந்து கொசு ஆராய்ச்சி மையம், எல்லாம் உங்களுக்கு டவுன் பஸ் தூரம். எங்களுக்கு சிப்காட் நாற்றம்தான்.

பாண்டி பிசிக்ஸ், மதியம் 12:10
பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் யார் மாவட்டம்? பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஏன் எரிச்சல்? போன வருடம் பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டு விவாதத்திலும் இதையேதான் பேசினீர்கள்.

கெடிலக்கரையான், மதியம் 12:18
போன வருடம் பேசியதும் சரி, இன்று பேசுவதும் சரி.

தேவனாம்பட்டினம் தம்பி, மதியம் 12:40
அண்ணா, என் கேள்விக்கு யாராவது…

முத்தியால்பேட்டை அக்கா, மதியம் 12:52
போடுப்பா. அகாடமி விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரோடு முடிந்துவிடும், கோடையில் தேடாதே. உன் பிராக்டிகலைப் பார்த்த ஆசிரியரிடம் இப்போதே கேள். ஒரு வாரமாவது அவகாசம் கொடு.

பாண்டி பிசிக்ஸ், மதியம் 1:15
தம்பி, போடு, நான் தடுக்கவில்லை. ஆனால் நம்பிக்கை வைத்து மற்றதை விட்டுவிடாதே. நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஏமாந்தேன். கெடிலக்கரையானுக்கு ஒரே கேள்வி: அந்த வெள்ளைத் தாளில் கல்லூரி முத்திரை இருந்ததா, இல்லையா?

கெடிலக்கரையான், மதியம் 1:22
இருந்தது. முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

பாண்டி பிசிக்ஸ், மதியம் 1:24
அப்போது அதுதான் லெட்டர்பேடு.

கெடிலக்கரையான், மதியம் 1:29
முத்திரை வேறு, லெட்டர்பேடு வேறு. எழுதியவர் அந்தக் கல்லூரியில் இருக்கிறார் என்று மட்டும்தான் முத்திரை சொல்லும். அதன் நகல் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

பாண்டி பிசிக்ஸ், மதியம் 1:31
போடுங்கள். முத்திரையை மறைக்காமல் போடுங்கள்.