வலசைப் பறவைக்கு இனப்பெருக்கக் காலம் வந்தது எப்படித் தெரிகிறது?

கூடுதேடி:
வெயில் ஏறுவதை வைத்துத்தான் பாடும் பறவைகள் கூடு கட்டத் தயாராகின்றன என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருடம் சீக்கிரமே சூடு வந்துவிட்டால் ஏமாந்துபோகாதா?

வால்காக்கை:
உங்கள் சந்தேகம் சரிதான். முக்கியக் குறிப்பு பகலின் நீளம். 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் ஜங்கோ என்னும் சிறு வலசைப் பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, மாலையில் பல்பு போட்டுப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். நடுங்கும் குளிர்காலத்திலேயே அவற்றின் விந்தகங்கள் வசந்தகால அளவுக்கு வளர்ந்தன. சூடு எங்கே இருந்தது அங்கே?

இதைவிட எனக்குப் பிடித்தது: இதற்குக் கண்ணே தேவையில்லை! மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியை மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸில் உள்ள செல்களே உணர்கின்றன. பார்வையிழந்த சிட்டுக்குருவிகளும் நீண்ட பகலுக்கு இனப்பெருக்க உறுப்புகளை வளர்த்தன.

கூடுதேடி:
அப்படியானால் கோடை முழுக்க முட்டையிடலாமே?

வால்காக்கை:
முடியாது. நீண்ட பகல் தொடர்ந்தால் பல இனங்களில் உடல் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். உறுப்புகள் சுருங்கி, இறகுதிர்ப்பு தொடங்கும். குறுகிய பகல்களைக் கடந்த பிறகுதான் பழைய உணர்திறன் திரும்பும்.

சாம்பல்சிட்டு:
நண்பரையும் முழுசாக ஒதுக்காதீர்கள். முட்டையிடும் நாளைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுவது வெப்பமும் இரையும்தான்.