புதுப்பிப்பு: ஹிஜ்ரி தேதி வரம்புச் சிக்கல் தீர்ந்தது

செயலியின் மொழி-வட்டார அமைப்பைச் சவுதி அரேபியாவுக்கு மாற்றினால் மட்டும் அறிக்கைப் பக்கம் எக்செப்ஷன் (இயக்கப் பிழை) அடித்து நிற்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

அறிக்கைக்குத் தொடக்கத் தேதி கொடுக்காதபோது, மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் மிகக் குறைந்த தேதியை, அதாவது 0001 ஜனவரி 1-ஐ, நிரப்பி வைத்திருந்தேன். சவுதி அமைப்பு பயன்படுத்தும் உம் அல்-குரா என்ற ஹிஜ்ரி (இஸ்லாமிய) நாட்காட்டியோ, டாட்நெட்டில் 1900 ஏப்ரல் 30 முதல் 2077 நவம்பர் 16 வரைதான் தாங்கும். அதற்கு வெளியே உள்ள தேதியை எழுத்தாக மாற்றச் சொன்னதும் முறித்துக்கொள்கிறது. இப்போது வரம்பில் தேதி கொடுக்காத முனையை நல் (null, அதாவது மதிப்பு இல்லாதது) ஆகவே விட்டுவிட்டேன். தரவுத்தளத்தில் கிரிகோரியன் தேதி மட்டும். ஹிஜ்ரி திரையில் காட்டும்போது மட்டும்.

அப்புறம், அடுத்த ஹிஜ்ரி மாதத்துக்குப் போக 30 நாள் கூட்டலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். ஹிஜ்ரி மாதம் 29 நாளாகவும் வரும். டாட்நெட்டின் தேதி வகையான டேட்டைமின் (DateTime) சொந்த மாதக் கூட்டலும் கிரிகோரியன் கணக்கில்தான் ஓடும். உம் அல்-குரா நாட்காட்டி வகுப்பில் (class) உள்ள மாதக் கூட்டலை அழையுங்கள். மாதத்தின் கடைசி நாளைத் தேடாமல், அடுத்த மாத முதல் நாளுக்கு முன்பு வரை என்று வரம்பை எழுதினேன், மாத இறுதிப் பதிவுகள் விடுபடுவதும் நின்றது.