மறுமணம்: பி.எஃப்., என்.பி.எஸ்., செம்பூர் ஃபிளாட் மகளுக்கே போய்ச் சேர என்ன வழி?

செம்பூர்52 (கேள்வி):
வயது 52. விவாகரத்து ஆகி ஆறு வருஷம். மகளுக்கு 24, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் மறுமணம் செய்யப் போகிறவருக்கு முதல் திருமணத்தில் ஒரு மகன். இருவரும் இந்துக்கள், ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டில் பதிவுத் திருமணம். என் பெயரில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்), மியூச்சுவல் ஃபண்ட், மும்பை செம்பூரில் ஹவுசிங் சொசைட்டி ஃபிளாட் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மகள்தான் நாமினி. "உன் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்று அவரே எழுதித் தருகிறேன் என்கிறார். அது போதுமா?

பிஎஃப்_மேசை:
மேடம், முதலில் பி.எஃப்.பைப் பாருங்கள். குடும்பம் இல்லாதபோது போட்ட நாமினேஷன், பிறகு குடும்பம் வந்ததும் செல்லாததாகிவிடும். 1952 பி.எஃப். ஸ்கீம், 61ஆவது பத்தி. உங்களுக்கு மகள் இருப்பதால் பழையது செல்லலாம், ஆனாலும் அதை நம்பாமல் மறுமணத்துக்குப் பிறகு புதிதாகப் போட்டுவிடுங்கள்.

செல்லுபடியான நாமினேஷன் இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால் 70ஆவது பத்தி வரும்: குடும்பத்தாருக்குச் சம பங்கு. அதிலும் கணவர் உயிரோடு இருக்கும் மணமான மகளுக்கும், மேஜரான மகனுக்கும், வேறு குடும்பத்தார் இருக்கும்போது பங்கே கிடையாது. உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் மொத்தமும் புதுக் கணவர் கைக்குப் போகும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, விதியே அப்படி. நாமினேஷன் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை. மணமான மகளையும் நாமினியாகப் போடலாம், கணவரை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் 100 சதவீதம் எழுதினாலும் செல்லும்.

யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போர்ட்டலில் இ-நாமினேஷனுக்குப் போங்கள். குடும்பப் பட்டியலில் கணவரையும் மகளையும் ஆதார் விவரத்தோடு சேர்த்து, பங்கை மகளுக்கு மட்டும் கொடுங்கள். பலரும் சேவ் செய்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி. போட்டு இ-சைன் செய்தால்தான் அது நாமினேஷன், இல்லாவிட்டால் பெண்டிங்கிலேயே கிடக்கும். பிறகு பி.டி.எஃப்.பை இறக்கி மகளிடம் ஒரு பிரதி கொடுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் வரும், 7 லட்சம் வரையுள்ள இ.டி.எல்.ஐ. காப்பீட்டுத் தொகையும் பி.எஃப். நாமினிக்குத்தான். கிராஜுவிட்டி நாமினேஷன் தனி, அதை ஆபீஸ் ஹெச்.ஆரில் மாற்ற வேண்டும்.

பென்ஷன் விஷயத்தில் உங்கள் விருப்பம் செல்லாது. இ.பி.எஸ்.சில் (பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) உங்களுக்குப் பிறகு கணவருக்குப் பென்ஷன், பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான். உயிலில் எழுதி இதை மாற்ற முடியாது.

மாட்டுங்கா_வக்கீல்:
அவர் எழுதித் தருவது நல்ல மனசு, ஆனால் சட்டத்தில் அதற்கு வலுவில்லை. ஒருவர் இறந்த பிறகு வரக்கூடிய வாரிசுரிமையை முன்கூட்டியே மாற்றிக்கொடுக்க முடியாது, 1882 சொத்து மாற்றுச் சட்டம் 6(a). கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தையும், தனிச் சிவில் சட்டம் உள்ள கோவாவுக்கு வெளியே நம்ப வேண்டாம்.

உங்களுக்குத் தேவை உயில். இருவரும் இந்துக்கள் என்பதால் பதிவுத் திருமணமானாலும் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாவிட்டால் கணவருக்குப் பாதி, மகளுக்குப் பாதி. கணவரின் பாதி, அவருக்குப் பிறகு அவர் மகனுக்குப் போகும். உங்கள் மகளுக்குத் திரும்பி வராது. நாமினியை மட்டும் நம்பவும் முடியாது. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டில் நாமினி உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. ஹவுசிங் சொசைட்டியிலும் நாமினி தற்காலிக உறுப்பினர்தான்.

இந்து எழுதிய உயில் மறுமணத்தால் ரத்தாகாது. (கிறிஸ்தவர்களுக்கு ரத்தாகும், 1925 சட்டம் 69ஆவது பிரிவு. இதைப் படிக்கும் கிறிஸ்தவ நண்பர்கள் கவனியுங்கள்.) இருந்தாலும் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக எழுதுவதே நல்லது. கணவர் பெயர், திருமணத் தேதி, அவருக்கு ஏன் பங்கு தரவில்லை என்று ஒரு வரி இருந்தால், "இவரை மறந்துவிட்டார்" என்று பின்னால் வழக்குப் போடுவது கடினம். சாட்சிகள் இருவர் வேண்டும், மகள் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பலம்.

ஃபிளாட்டை மகளுக்கு எழுதிவிட்டு, கணவர் ஆயுள் வரை குடியிருக்கலாம், விற்கவோ அடகு வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வையுங்கள். மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பதையும் எழுதுங்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஷேர் சர்டிஃபிகேட்டை (சொசைட்டியில் ஃபிளாட்டுக்கு உறுப்பினர் யார் என்று காட்டும் சான்று) எடுத்துப் பாருங்கள். முதல் கணவர் பெயர் இன்னும் அதில் இருந்தால், பதிவு செய்த ரிலீஸ் டீட் (அவர் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்காமல் உயில் எழுதிப் பயனில்லை.

ஓய்வுக்கணக்கு:
என்.பி.எஸ்.சில் கல்யாணத்துக்கு முந்தைய நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். ஆன்யுட்டி (என்.பி.எஸ். பணத்தைக் கொடுத்து வாங்கும் ஆயுள் பென்ஷன்) வாங்கும்போதும் கவனம் தேவை. 'ஜாயின்ட் லைஃப்' எடுத்தால் உங்களுக்குப் பிறகு கணவருக்கு ஆயுள் வரை பென்ஷன் வரும், அசல் திரும்பும் வகையானாலும் அது அதற்குப் பின்தான் மகளுக்கு. 'சிங்கிள் லைஃப், அசல் திரும்பும்' வகையில் உங்களுக்குப் பிறகு அசல் நேரே மகளுக்கு. கணவருக்குச் சொந்தப் பென்ஷன் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சொந்தப் பென்ஷன் இல்லாத ஒருவரை வெறுங்கையோடு விடுவதும் நியாயமில்லை.

செம்பூர்52:
எல்லோருக்கும் நன்றி. ஷேர் சர்டிஃபிகேட்டில் என் பெயர் மட்டும்தான், பார்த்துவிட்டேன். வீட்டுச் செலவுக்கு ஜாயின்ட் அக்கவுன்ட் வைக்கலாமா?

மாட்டுங்கா_வக்கீல்:
தாராளமாக வையுங்கள், மாதச் செலவுக்கு மட்டும். 'ஐதர் ஆர் சர்வைவர்' கணக்கில் மிச்சமிருப்பவருக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு மகள் உயிலைக் காட்டிக் கேட்க வேண்டுமென்றால் வழக்குத்தான். பி.எஃப்., என்.பி.எஸ். பணம் வந்து விழும் கணக்கு உங்கள் தனிப் பெயரிலேயே இருக்கட்டும்.